எதிர்பார்ப்போர் மன்றமும் மூன்றாம் அறைக் கதவும்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. மன்றத்தின் கூட்டக்குறிப்புகளைப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்றால், அவற்றை எழுதியவனும் நானே. பெரும்பாலும் கூட்டத்துக்கு முதல் நாளே எழுதி முடித்துவிடுவேன். கூட்டத்தில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அதில் ஒருவரும் குறை காணவில்லை. ஒரேயொரு கூட்டம்தான் நான் எழுதிவைத்தபடி நடக்கவில்லை.

மன்றத்தின் முழுப்பெயர், கண்டி மாவட்ட வரவிருக்கும் சிறுகுழு மின்விளையாட்டுகள் எதிர்பார்ப்போர் மன்றம். பெரிய கம்பனிகள் செய்யும் விளையாட்டுகளோடு எங்களுக்குச் சம்பந்தமில்லை. ஒருவரோ இருவரோ ஐந்தாறு வருடம் வீட்டில் இருந்து செய்கிற, பார்த்தவுடனே இது வேறு மாதிரி என்று தோன்றுகிற விளையாட்டுகள்தான் எங்கள் பட்டியலில் ஏறும். பாடசாலைக் கொப்பித் தாளில் நீலப் பேனையால் கீறிய நகரம் ஒன்று இருந்தது. கம்பளி நூலால் பின்னிய காடு ஒன்று இருந்தது. நடக்க நடக்க நூல் பிரிந்துகொண்டே வரும். களிமண் ஆட்களின் கன்னத்தில் செய்தவரின் விரல் ரேகை தெரிகிற ஒன்று. மழை வழியும் பஸ் கண்ணாடிக்கு வெளியே மட்டும் நடக்கிற துப்பறியும் கதை ஒன்று. இவற்றின் முன்னோட்டங்கள் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடுவதில்லை. வெளிவரும் திகதி என்ற இடத்தில் 'விரைவில்' என்று இருக்கும். அந்தச் சொல் திரையில் வந்ததும் நாங்கள் கைதட்டுவோம்.

தலைவர் ஸ்ரீதரன் ஐயா முப்பத்தொரு வருடம் ஓர் அரச திணைக்களத்தில் பிரதம இலிகிதராக இருந்தவர். மக்களைக் காத்திருக்க வைப்பதில் தாம் பெற்ற அனுபவத்தை, ஓய்வுபெற்ற பிறகு காத்திருப்போருக்கே அர்ப்பணித்தார். கூட்டம் மாதத்தின் முதற் சனிக்கிழமை, றொட்னியின் கணினி வகுப்பு மாடியில் நடக்கும். முன்னோட்டங்களைத் தேடி எடுத்துத் திரையில் போடுவது றொட்னியின் பொறுப்பு. நான் செயலாளர். நாவலப்பிட்டியில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியன். நிறைய வாசிப்பவன், குறையப் பேசுபவன். ஒன்றும் செய்யாமல், நல்ல படங்களைப் பார்த்தபடி, பேசாமல் இருக்கக்கூடிய ஓர் அமைப்பைப் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் முறைகள் ஒழுங்கானவை. மங்கல விளக்கேற்றுவோம். தலைமையுரை நடக்கும். பிறகு முன்னோட்டம், அதன்பின் மௌனம். ஆரம்பத்தில் மௌனம் இரண்டு நிமிடமாகத்தான் இருந்தது. அதை ஏழு நிமிடமாக்கியது நான் மன்றத்துக்குச் செய்த பங்களிப்பு. அந்த ஏழு நிமிடமும் நான் கண்ணை மூடியிருந்ததை ஆழ்ந்த ரசனை என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். சில மாதங்களில் அது தூக்கமாகவும் இருக்கலாம்.

ஒரு விளையாட்டு தள்ளிப்போடப்பட்டது என்ற செய்தி வந்தால் பூந்தி லட்டு பகிர்வோம். செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், அது 'நிரந்தர எதிர்பார்ப்பு' என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டு, அதன் ஒரு காட்சி சட்டமிடப்பட்டுச் சுவரில் ஏறும். வெளிவந்துவிட்டால் ஒரு மௌன அஞ்சலியோடு பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். மன்றச் சட்டதிட்டங்களான யாப்பின் நான்காம் விதி அதைத்தான் சொன்னது: வெளிவந்த விளையாட்டு மன்றத்தின் அக்கறைக்குரியதன்று.

அந்த விதியை மீறியவர் ஒருவர்தான். திகனயில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் அகீல். கம்பளிக் காடு நான்கு வருட எதிர்பார்ப்புக்குப் பிறகு வெளிவந்தபோது, அவர் அதை வாங்கி ஒரே பின்னேரத்தில் விளையாடி முடித்துவிட்டார். அதை அவரே வந்து சந்தோஷமாகச் சொன்னதுதான் எங்களை அதிகம் பாதித்தது. விசாரணை வைத்தோம்.

"வெளாடிப் பாத்தேன் சேர். நல்லா ஈந்திச்சி," என்றார் அகீல்.

நாலு வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருந்ததை இப்படி ஒரு பின்னேரத்தில் கொட்டிவிட்டீர்களே என்று தலைவர் தழுதழுத்தார்.

"அதுக்குத்தானே சேர் அவங்க அத செஞ்சாங்க?"

பிரதிவாதி திருப்தியான விளக்கம் எதையும் அளிக்கவில்லை என்று குறித்துக்கொண்டேன். அவரை நீக்கும் தீர்மானத்துக்கு எல்லாரும் கையுயர்த்தினார்கள். முதலில் உயர்ந்த கை என்னுடையது என்று ஒரு ஞாபகம் இருக்கிறது. அதைக் குறிப்பில் எழுதவில்லை.

கூட்ட அறிவித்தலை மாதா மாதம் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் பக்கத்திலுள்ள ஒரு போட்டோகொப்பிக் கடையில் கொடுத்து இருபத்துமூன்று பிரதி எடுப்பேன். அங்கே இயந்திரத்தில் நின்ற பெண் கஜனி. கண்டியிலேயே மஹய்யாவக்காரி. இருபத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் தாளை வாங்கி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சேர், மாசா மாசம் இத எடுத்துட்டுப் போறீங்க. உங்க மன்றத்துல ஒருத்தராவது வெளயாடுவீங்களா?"

அது மன்றத்தின் நோக்கங்களில் இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. மேசைக்கடியிலிருந்து தன் லெப்டொப்பை எடுத்து, தான் செய்துவந்த விளையாட்டைத் திறந்தாள்.

நான் பார்த்தது எல்லாமே அந்தக் கடை இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்து எடுத்த படங்கள். சீப்பு, பாண் துண்டு, கசங்கிய சேலைத் தலைப்பு, அவளுடைய உள்ளங்கை. சீப்பு அங்கே யன்னல் கம்பியாகியிருந்தது. பாண் துண்டு சுவராகியிருந்தது. சேலைத் தலைப்பு மேகம். தன் பிறப்புச் சான்றிதழின் மூலத்தைத் தேடி ஒரு பெண், பதினான்கு அறைகள் உள்ள ஒரு கந்தோருக்குள், அரச அலுவலகத்துக்குள், போகிறாள். ஒவ்வோர் அறையைத் தாண்டும்போதும் அவள் இன்னொரு முறை பிரதியெடுக்கப்படுகிறாள். பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று வெளிறி வெளிறி, முகம் புள்ளி புள்ளியாகக் கரைந்துகொண்டே போகிறது. இயந்திரத்தில் இருந்த ஒரு கீறல் எல்லாக் காட்சிகளிலும் ஒரே இடத்தில் கறுப்பாக ஓடியது. பெயர், 'பதினான்காம் அறை'.

நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அது நான் பழக்கப்படுத்திக்கொண்ட மௌனம் அல்ல. உண்மையாகவே பேச்சு வரவில்லை.

கஜனிக்குப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை. இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்கென்று வெளிநாட்டில் நடக்கும் ஒரு விழாவுக்கு, முன்னோட்டத்தைப் பார்த்து அவளைத் தெரிவுசெய்திருந்தார்கள். முழு விளையாட்டையும் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். நடுவர்கள் தொடக்கத்திலிருந்து விளையாடிப் பார்ப்பார்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் ஒதுக்கிவிடுவார்கள். பதினான்கு மாத வேலை அது. மார்ச்சோடு இதை விட்டுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். இது போகாவிட்டால், கொழும்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக் கந்தோரில் மாமா பார்த்து வைத்திருக்கும் வேலைக்கு ஏப்ரல் முதலாம் திகதி போயாக வேண்டும்.

"செஞ்சவளுக்கு வழி தெரியும் சேர். அதனால எனக்கு எங்கயும் மாட்டாது. தெரியாத ஆளுங்க வெளயாடணும். ஒரு பத்துப் பேரு போதும். எங்க நின்னுபோவுதுன்னு சொன்னீங்கன்னா நான் திருத்திக்குவேன்."

அதை நான் மன்றத்தில் சமர்ப்பித்தேன். மூன்று மணித்தியாலம் விவாதித்தோம். வெளிவராத விளையாட்டை விளையாடுவது எதிர்பார்ப்பைக் குலைப்பதாகும். வெளிவந்த விளையாட்டோ நான்காம் விதிப்படி நமக்குரியதல்ல. ஆகவே எந்த நிலையிலும் அதை விளையாட வழியில்லை என்பது ஏகமனதாகத் தெளிவாயிற்று. ஆனால், நம் ஊர்ப் பிள்ளையைக் கைவிட்டதாகவும் இருக்கக் கூடாது. அப்போது தலைவருக்கு வழி பிறந்தது. நூல் வெளியீட்டு விழா போல ஒரு வெளியீட்டு விழா நடத்துவோம். முதற் பிரதியை நம் புரவலர் இராமநாதன் முதலாளி பெற்றுக்கொள்வார். மற்ற அங்கத்தவர்கள் வரிசையில் வந்து சிறப்புப் பிரதி பெறுவார்கள். முதற் பிரதி வழங்கப்படும்வரை எவரும் அதைத் திறக்கக் கூடாது. அது புரவலரை அவமதிப்பதாகும்.

முதலாளியின் நாட்குறிப்பில் ஒரு ஞாயிறுதான் ஓய்வாக இருந்தது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. காலை ஒன்பதரைக்கு விழா என்றால் பதினொன்றரைக்கு முடியும், நாலு மணிக்கு நிறைய நேரம் இருக்கிறது என்று கஜனிக்குச் சொல்லும்படி என்னைப் பணித்தார்கள். சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி அன்றிரவு சிறிது யோசித்தேன். யோசிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆய்வுரை ஆற்றுபவர் மட்டும் விதிவிலக்காக முன்கூட்டியே விளையாடலாம் என்று ஒரு விசேட தீர்மானம் வந்தது. 'ஆய்வின் பொருட்டு மட்டும், இன்பம் பெறாத வகையில்' என்பது அதன் வாசகம். ஆய்வுரை எனக்கு ஒதுக்கப்பட்டது.

விழாவுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் விளையாடினேன். முதலாம் அறையைத் தாண்டினேன். இரண்டாம் அறையையும் தாண்டினேன். மூன்றாம் அறையில் ஒரு பியூன் உட்கார்ந்திருந்தார். பேசினேன். பதில் இல்லை. மறுபடி பேசினேன். அதற்கும் பதில் இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு கதவு. அது திறக்கவில்லை. பியூன் அசையவில்லை. நான் நடத்திச் சென்ற பெண் கதவின் முன்னால், பாதி வெளிறிய முகத்தோடு நின்றாள். சுவர்க் கடிகாரத்தின் முள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் ஐம்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்ல எனக்கு எல்லாம் விளங்கியது. திறக்காத அந்தக் கதவுதான் விளையாட்டு. மற்றப் பதினொரு அறைகளும் வெறும் சாட்டு. இவ்வளவு துணிச்சலான ஒரு முடிவை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. கண் கலங்கியது. இன்பம் பெறக் கூடாது என்ற தீர்மானத்தை மீறிவிட்டேனோ என்றுகூட அஞ்சினேன். மறுநாள் பாடசாலைக்கு லீவு போட்டு, மூன்றாம் அறைக் கதவைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதினேன்.

அந்த வாரம் கஜனி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எங்கயாவது மாட்டுச்சா சேர்?"

"எல்லாம் விழாவில சொல்றேன் மகள்."

"இப்பவே சொல்லுங்களேன். சின்ன விஷயம்னாலும் பரவால்ல."

"இப்ப சொன்னா என் உரையில ஒண்ணும் மிஞ்சாது," என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன். எனக்கு அது ஓர் அழகான மௌனமாகப் பட்டது.

விழா நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒன்பதரை என்று அச்சடித்திருந்தோம். முதலாளி வேறொரு வெளியீட்டில் முதற் பிரதி பெற்றுக்கொண்டு வர வேண்டியிருந்ததால் பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது. கஜனியின் லெப்டொப்பிலிருந்து விளையாட்டின் ஓர் அசையாக் காட்சி மேடைத் திரையில் விழுந்துகொண்டிருந்தது. அசைந்தால் சபையோரின் எதிர்பார்ப்பு குலையும் என்பதால் அசையாத காட்சியே போதுமென்று முடிவாகியிருந்தது. விளையாட்டு இருபத்துமூன்று பென்டிரைவ்களில் பதியப்பட்டு, ஒவ்வொன்றும் மினுங்கும் தாளில் சுற்றப்பட்டு, ரிபன் கட்டப்பட்டு, தட்டில் அடுக்கப்பட்டிருந்தது.

தலைமையுரையில் ஸ்ரீதரன் ஐயா சொன்னார்: "விளையாடுபவன் நாலு மணித்தியாலத்தில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். நாங்கள் நாலு வருடம் அசையாமல் இருந்திருக்கிறோம். இதில் அந்தக் கலைக்கு உண்மையாக இருந்தவர் யார்? என் சேவைக் காலத்திலும் இதைத்தான் கண்டேன். ஒருவரின் விண்ணப்பக் கோவை கையெழுத்தாகிவிட்டால் அந்த மனிதர் பிறகு எங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார். கையெழுத்தாகும்வரைதான் அன்பு."

பலத்த கைதட்டல். கஜனி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

முதலாளி முதற் பிரதியைப் பெற்றுக்கொண்டு புகைப்படத்துக்காக இரண்டு தடவை திரும்பக் கொடுத்து மறுபடி பெற்றார். பிறகு நாலு வார்த்தை பேசினார். "இதோட நான் நாப்பத்திரெண்டு முதற் பிரதி வாங்கியிருக்கேன். ஒண்ணையும் பிரிச்சதில்ல. பிரிச்சா அப்புறம் அதுக்குள்ள என்ன இருக்குன்னு நாலு பேரு கேப்பாங்க. பிரிக்காத வரைக்கும் எல்லாமே நல்ல பொருள்தான்."

சிறப்புப் பிரதி வரிசை முடிய ஒன்றே முக்கால் ஆயிற்று. கஜனிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதன்பின் நான் எழுந்தேன்.

நான் நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். காத்திருப்பின் வரலாற்றில் தொடங்கினேன். ஆறாம் பக்கத்தில் கதவுக்கு வந்தேன். "மூன்றாம் அறையின் கதவு திறப்பதில்லை. அது ஒருபோதும் திறக்காது. பியூனிடம் கேட்கிறோம். அவர் பேசார். மறுபடி கேட்கிறோம். அவர் பேசார். ஐம்பது நிமிடம் நான் அங்கே நின்றேன்," என்று நிறுத்தி, ஒரு நீண்ட மௌனம் கொடுத்தேன். சபையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அந்த மௌனத்தில்தான் கஜனி எழுந்தாள்.

"தெறக்கலையா?"

"திறக்காததுதான் இதன் உச்சம்," என்று ஒலிவாங்கியிலேயே சொன்னேன்.

"சேர், அது தெறக்கணும். மணி அடிச்சதும் தெறந்துரும். பியூன்கிட்ட எத்தன தடவ பேசினீங்க?"

"ரெண்டு தடவ."

"ஏன் ரெண்டு தடவ?"

"முதல் தடவ பதில் சொல்லல. கந்தோர்ல அப்படித்தானே மகள், ரெண்டாந்தரம் கேக்கத்தானே செய்வோம்?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "நான் ஒருக்காவும் ரெண்டு தடவ கேட்டுப் பாக்கல. அதுலதான் மணி அடிக்காம நின்னுபோயிருக்கு. இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

இருபத்துமூன்று அங்கத்தவர்களும், அவர்களின் குடும்பத்தாரும், நாற்பத்திரண்டு முதற் பிரதிகளின் சொந்தக்காரரும் என்னைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாளாகத் தெரியும் என்று சொன்னேன். பதினொரு பக்கங்களில் இல்லாத ஒரு வரி அதுதான்.

கஜனி மேடையைக் குறுக்காகக் கடந்துபோய் லெப்டொப்பைத் திரையிலிருந்து கழற்றினாள். திரை இருண்டது. தலைவர் எழுந்து, ஏற்புரை ஆற்றாமல் படைப்பாளி மேடையை விட்டு இறங்கும் வழக்கம் இல்லை என்றார்.

"நாலு மணிக்குப் பொறகு ஆத்துறேன் ஐயா," என்றாள். பிறகு என்னிடம், "சேர், நீங்களும் வாங்க," என்றாள்.

மீதி ஐந்து பக்கத்தையும் கையில் பிடித்தபடி பின்னால் போனேன். மண்டபத்தின் பின்படியில் தூசி இருந்தது. அவள் பொன்னாடையை விரித்து அதன்மேல் உட்கார்ந்து திருத்தத் தொடங்கினாள். மணி இரண்டு இருபது. உள்ளே, திட்டமிடப்படாத இடைவெளியை நிரப்ப மூவர் வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தார்கள். மூவரும் விளையாட்டின் ஆழத்தைப் புகழ்ந்தது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. றொட்னி மெதுவாக வெளியே வந்து, தன் போனிலிருந்து இணைய இணைப்பைத் தந்துவிட்டு, "நான் இங்க வரல, சரியா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மூன்று மணிக்கு லெப்டொப்பை என் மடியில் வைத்தாள். "மொதல்ல இருந்து வெளயாடுங்க. உங்களுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடியே. ஒண்ணும் பேசாதீங்க."

பியூனிடம் இரண்டு தடவை பேசினேன். மூன்றாம் தடவையும் பேசிப் பார்த்தேன். மணி அடித்தது. கதவு திறந்தது. நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கண்ணீர் விட்ட இடத்தில் ஒரு பிழை இருந்திருக்கிறது. அதைவிட வேதனை, அந்தப் பிழையில்லாமல் இந்த விளையாட்டு இன்னும் நன்றாக இருந்தது என்பதுதான். நான்காம் அறையில் அவளுடைய உள்ளங்கை ரேகைகள் நடைபாதைகளாக விரிந்து கிடந்தன. ஏழாம் அறையில் தேவையில்லாமல் ஒரு மேசையின்மேல் ஏறி, இறங்க முடியாமல் நின்றுவிட்டேன். கஜனி அதையும் திருத்தினாள். பன்னிரண்டாம் அறைவரை போவதற்குள் மூன்றே முக்கால் ஆகிவிட்டது. கடைசி இரண்டு அறைகளையும் சோதித்துப் பார்க்காமலே அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்ற செய்தி வந்தபோது நாலுக்கு மூன்று நிமிடம் இருந்தது. உள்ளே நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. எனக்கும் நன்றி சொன்னார்கள்.

'பதினான்காம் அறை' அந்த விழாவில் காட்டப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. பார்த்தவர்களில் ஒரு சிறிய வெளியீட்டு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு அடுத்த விளையாட்டுக்கும் ஒப்பந்தம் செய்தது. கஜனி கொழும்புக்குப் போகவில்லை. திகனயில் அகீலின் கடைக்கு மேலுள்ள அறையில் இருந்து இரண்டாவதைச் செய்கிறாள். பிழை பார்ப்பவர் அகீல். வெளிவந்துவிட்டதால் மன்றம் அவளுடைய விளையாட்டை மௌன அஞ்சலியோடு பட்டியலிலிருந்து நீக்கியது. மேடையை விட்டு இறங்கியதற்காக ஒரு கண்டனத் தீர்மானமும் நிறைவேறியது. ஸ்ரீதரன் ஐயா தலைவராக இருக்கிறார். இராமநாதன் முதலாளியின் முதற் பிரதிகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. றொட்னி வகுப்பை மூடிவிட்டு வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போனான். நான் விலகல் கடிதம் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்க்க வேண்டியது செயலாளரின் பொறுப்பு என்பதால் அது இன்னும் எடுக்கப்படவில்லை. 'பதினான்காம் அறை'யை விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். பதின்மூன்றாம் அறைவரை போயிருக்கிறேன். அது போன ஓகஸ்ட்டில்.